டுபெலோவின் பத்துப் பேர் வீடுகள்: பராமரிப்பு உதவியாளர்களின் தன்மதிப்பு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ என்று ஒரு ஊர். அங்கே சீடர்ஸ் என்ற முதியோர் பராமரிப்பு இல்லம் இருந்தது. 140 படுக்கைகள், நீண்ட நடைபாதை, நடுவில் நர்ஸ்கள் உட்காரும் மேசை என்று அந்த நாட்டில் எங்கும் பார்க்கக்கூடிய இல்லம்தான். 2003-இல் அங்கிருந்து 40 பேரை, அதே நிறுவனம் புதிதாகக் கட்டிய நான்கு வீடுகளுக்கு மாற்றினார்கள். ஒரு வீட்டுக்கு 10 பேர். சட்டப்படி அவையும் பராமரிப்பு இல்லங்கள்தான். அரசு ஆய்வாளர்கள் அதே விதிப்புத்தகத்தோடுதான் வருவார்கள். ஏழை முதியவர்களுக்காக அரசு தரும் மெடிக்கெய்டு பணத்துக்குள்தான் இந்த வீடுகளும் ஓடியாக வேண்டும்.

பார்க்க வந்தவர்கள் தனி அறைகளையும் திறந்த சமையலறையையும் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு இந்த நிகழ்வில் பெரிதாகத் தெரிவது அங்கே வேலை பார்த்தவர்களுக்கு நடந்தது. முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் உதவியாளர்கள், பழைய அமைப்பில் எல்லோருக்கும் கீழே இருந்தவர்கள், இங்கே வீட்டை நடத்துபவர்கள் ஆனார்கள். காலை உணவு எத்தனை மணிக்கு, என்ன சமையல், அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. பராமரிப்பு ஊழியர்களின் தன்மதிப்பை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு எத்தனையோ பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. டுபெலோவில் அதற்காகத் தனியாக எந்த முகாமும் தேவைப்படவில்லை. வேலையின் அமைப்பையே மாற்றினார்கள்.

அதற்கு முன் அந்த வேலை

பராமரிப்பு இல்ல உதவியாளராக ஒருவர் சான்று பெற வேண்டுமானால், 1987-இல் வந்த மத்திய சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். முழு நேரமாக உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். சில மாநிலங்கள் இதைவிட அதிகம் கேட்கின்றன. இந்த வேலையில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் போன்றோர். சம்பளம் குறைவு, முதுகுவலி நிச்சயம். 2017, 2018 ஆண்டுகளின் சம்பளப் பதிவுகளை வைத்து நாடு முழுவதும் கணக்கிட்டபோது, இல்லங்களில் நர்ஸ்களும் உதவியாளர்களும் வேலையை விட்டுப் போகும் விகிதம் சராசரியாக ஆண்டுக்கு 128 சதவீதம் என்று வந்தது. அதாவது 100 வேலை இடங்கள் உள்ள ஓர் இல்லத்திலிருந்து ஓர் ஆண்டில் 128 பேர் விலகிப் போகிறார்கள்.

சம்பளம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஓர் உதவியாளர் ஒரே பாட்டியை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார். இரண்டு நாளாக அந்தப் பாட்டி விழுங்கத் திணறுவதை முதலில் கவனிப்பது அவர்தான். ஆனால் சார்ட்டில் எழுதுவது நர்ஸ். பராமரிப்புத் திட்டக் கூட்டத்தில் உட்காருவது நர்ஸ், சமூகப் பணியாளர், உணவு ஆலோசகர். அந்தக் கூட்டம் நடக்கும் நேரத்தில் உதவியாளர் நடைபாதையின் மறுகோடியில் அழைப்பு மணிக்கு ஓடிக்கொண்டிருப்பார். மறுநாள் ஆள் பற்றாக்குறை என்று அவரையே வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள், ஒரு வார்த்தை கேட்காமல். சில இல்லங்களில் அவர் பார்த்துக்கொண்ட பெரியவர் இரவில் இறந்துபோனால், அடுத்த ஷிஃப்டுக்கு வந்து துடைத்து வைத்த படுக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

இப்படி வருடக்கணக்கில் இருந்தால் ஒருவருக்கு என்ன ஆகும்? தான் பார்த்ததைச் சொல்வதை நிறுத்திவிடுவார். சொல்லி ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகு கவனிப்பதையும் குறைத்துவிடுவார். அப்புறம் மேலாளர்கள் ‘இவர்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்று பேசத் தொடங்குவார்கள். நிர்வாகங்கள் இதற்கு மருந்தாக வைத்திருப்பது என்ன? ஜூன் மாதத்தில் வரும் நர்சிங் உதவியாளர் வாரத்தில் பீட்சா விருந்து, ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று சுவரில் ஒரு படம். பாராட்டு நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் படம் மாட்டிய மறுநாள் அதே ஊழியர் ‘இந்தத் தாத்தாவுக்குக் காலையில் குளியல் வேண்டாம், மாலையில் வைக்கலாம்’ என்று சொன்னால், ‘அட்டவணையில் அப்படி இல்லை’ என்ற பதில்தான் வருகிறது. அவர் மதிப்பு என்ன என்பதை அந்தப் பதில்தான் அவருக்குச் சொல்கிறது.

யோசனை வந்த வழி

இந்த வீடுகளின் பின்னால் இருந்த யோசனை பில் தாமஸ் என்ற டாக்டருடையது. 1991-இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் ஊரில் சேஸ் மெமோரியல் என்ற இல்லத்தில் மருத்துவ இயக்குநராக இருந்தபோது, அங்கே நாய்களையும் பூனைகளையும் நூறு கிளிகளையும் கொண்டுவந்து இறக்கியவர். தனிமை, கையாலாகாத உணர்வு, சலிப்பு என்ற மூன்றும்தான் இல்லங்களில் முதியவர்களைக் கொல்கின்றன என்பது அவர் வாதம். ஈடன் என்ற பெயரில் அந்த முயற்சி பல ஊர்களுக்குப் பரவியது. நிர்வாகம் ஊழியர்களை எப்படி நடத்துகிறதோ அப்படித்தான் ஊழியர்கள் முதியவர்களை நடத்துவார்கள் என்பதையும் அவர் அப்போதே வலியுறுத்தி வந்தார்.

முதியவர்களுக்கு என்று அவர் எழுதிய அந்த மூன்று நோய்களும் உதவியாளர்களுக்கும் பொருந்துவதை யோசித்துப் பாருங்கள். குறிப்பாக இரண்டாவது. தன் நாளின் மேல் தனக்கே பிடி இல்லாத ஊழியர், இன்னொருவரிடம் ‘உங்களுக்கு எப்போது எழ வேண்டும் பாட்டி?’ என்று கேட்கும் நிலையில் இருப்பதில்லை. கேட்டாலும் அந்தப் பதிலை நிறைவேற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. கிளிகள் வந்தாலும் மேலிருந்து கீழே உத்தரவு வரும் படிநிலை அப்படியே இருந்தது. பெரிய கட்டடத்துக்குள் அதை உடைப்பது கடினம் என்ற முடிவிலிருந்துதான் சின்ன வீடு என்ற யோசனை பிறந்தது. அதற்கு ‘கிரீன் ஹவுஸ்’ என்று பெயர் வைத்தார். டுபெலோவில் அந்த நிறுவனத்தை நடத்திய ஸ்டீவ் மக்அலில்லி அதை முதலில் கையில் எடுத்தார்.

யார் என்ன செய்தார்கள்

உதவியாளர்களுக்கு ஷாபாஸ் என்ற புதுப் பதவிப் பெயர். ஏற்கெனவே சான்று பெற்றவர்களுக்கு மேலும் 120 மணி நேரப் பயிற்சி. சட்டம் கேட்பதைவிட இது பெரியது. சமையல், உணவுப் பாதுகாப்பு, முதலுதவி, டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களோடு பழகுவது ஆகியவற்றோடு, குழுவாக முடிவெடுப்பது, சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது என்பதும் பாடத்தில் இருந்தது. இந்தக் கடைசிப் பகுதியை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து வருடம் உத்தரவு வாங்கியே வேலை செய்தவரிடம் திடீரென்று ‘நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்றால் அவருக்கு வருவது பயம்தான்.

பகலிலும் மாலையிலும் வீட்டுக்கு இரண்டு பேர், இரவில் ஒருவர். சமையல், துணி துவைப்பது, சுத்தம் செய்வது, முதியவர்களின் உடல் பராமரிப்பு எல்லாம் அவர்களே. மளிகைச் செலவுக்குக் கொடுக்கும் தொகைக்குள் வாங்குவதும் அவர்களே. ஷிஃப்ட் அட்டவணை, உணவு, வீட்டுப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு எடுப்பார். குறிப்பிட்ட காலம் கழித்து அது இன்னொருவருக்கு மாறும்.

இந்தச் சுழற்சிதான் முழுத் திட்டத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிரந்தரமாக ஒருவரைத் தலைவராக்கியிருந்தால், மூன்று மாதத்தில் அவர் பழைய மேற்பார்வையாளராக மாறியிருப்பார், மற்றவர்கள் பழைய உதவியாளர்களாகவே இருந்திருப்பார்கள். சுழற்சி வைத்ததால், கணக்கு வராது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவரும் ஒரு நாள் செலவுக் கணக்கை எழுதியாக வேண்டும். ஷிஃப்ட் அட்டவணை போடுவது எவ்வளவு தலைவலி என்று ஒரு முறை தெரிந்துகொண்டவர், கடைசி நேரத்தில் ‘இன்று வரவில்லை’ என்று போன் செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். அந்தப் போனை எடுக்கப்போவது அவரோடு வேலை செய்கிறவர்தானே.

இவர்களுக்கு மேலே வழிகாட்டி என்று ஒருவர் உண்டு. நிர்வாகத்துக்கும் தரத்துக்கும் பொறுப்பு அவர். வீட்டுக்குள் உட்கார்ந்து உத்தரவு போட மாட்டார். குழு முடிவெடுக்கத் தடுமாறும்போது கேள்வி கேட்டு உதவ வேண்டும் என்பதுதான் அவருக்கான பயிற்சி. ஊரில் அனுபவம் மிக்க மூத்தவர் ஒருவர் தொண்டாக வந்து, குழுவோடு பேசிப் பழகி ஆலோசனை சொல்லும் ஏற்பாடும் இருந்தது. வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் இல்லாத, ஆனால் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவர். எளிதாகக் கைவிடப்படக்கூடிய ஏற்பாடும் இதுதான்.

நர்ஸ்களோடு வந்த சிக்கல்

நர்ஸ், டாக்டர், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லோரும் தேவைக்கேற்ப வீட்டுக்கு வந்து போவார்கள். மருந்து, காயம், சிகிச்சை பற்றிய முடிவுகள் நர்ஸ் கையில்தான். ஆனால் உதவியாளர்களின் தினசரி வேலைக்கு நர்ஸ் மேற்பார்வையாளர் கிடையாது. உதவியாளர்கள் வழிகாட்டிக்குத்தான் பதில் சொல்வார்கள்.

அமெரிக்க நர்ஸ்களுக்கு இது சாதாரணமான மாற்றம் இல்லை. உரிமம் தன் பெயரில், தவறு நடந்தால் விசாரணை தன் மேல், ஆனால் உதவியாளருக்குக் கட்டளை இட முடியாது என்றால் எப்படி? அந்தக் கவலை நியாயமானது. பதவி ஆசை என்று அதை ஒதுக்குவது தவறு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்பரா பவர்ஸ் குழுவினர் பல ஊர்களில் இந்த வீடுகளை ஆராய்ந்தபோது, நர்ஸின் இடம் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரி இல்லை என்று கண்டார்கள். சில வீடுகளில் நர்ஸ் விருந்தாளி மாதிரி வந்துபோனார். சில இடங்களில் அவரும் உதவியாளரும் அவரவர் வேலையைத் தனித்தனியாகச் செய்தார்கள். வேறு சிலவற்றில் பழைய மேற்பார்வை திரும்பியிருந்தது. இருவரும் சேர்ந்து யோசித்து வேலை செய்த வீடுகளும் இருந்தன.

கடைசி வகை வீடுகளில் என்ன நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில், அதே பத்துப் பேரோடு, சமையலறையிலும் குளியலறையிலும் நாள் முழுவதும் இருக்கிற உதவியாளருக்கு, முதியவரிடம் வரும் சின்ன மாற்றம் உடனே கண்ணில் படும். நேற்று இரண்டு இட்லி அளவுக்குச் சாப்பிட்டவர் இன்று பாதியில் எழுந்தால் அவருக்குத் தெரியும். அதை அவர் சீக்கிரமே நர்ஸிடம் சொல்கிறார். நர்ஸ் அதைக் கேட்டு வந்து பார்க்கிறார், டாக்டரைக் கூப்பிடுகிறார். நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்கு முன்பே பிடிபட வாய்ப்பு கூடுகிறது. அந்த ஆய்வுக் குழு எழுதியதும் இதைத்தான். உதவியாளருக்கு இதில் என்ன கிடைத்தது? அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நர்ஸ் எழுந்து வந்தார். பழைய இல்லத்தில் அவரும் இதைத்தான் கவனித்திருப்பார், ஆனால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நர்ஸுக்கும் இதில் இழப்பு மட்டும் இல்லை. அட்டவணை, விடுப்புத் தகராறு, யார் எந்த அறை என்ற பஞ்சாயத்து இவற்றிலிருந்து விடுபட்டு, படித்த வேலையைச் செய்ய நேரம் கிடைத்தது என்று சொன்ன நர்ஸ்களும் உண்டு. ஆனால் இதை முன்கூட்டியே அவர்களோடு உட்கார்ந்து பேசாத இடங்களில் கசப்புதான் மிஞ்சும்.

என்ன மாறியது

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ரோசலி கேன் குழு, டுபெலோ வீடுகளில் இருந்த 40 பேரை இரண்டு வழக்கமான இல்லங்களில் இருந்தவர்களோடு ஒப்பிட்டது. அதில் ஒன்று பழைய சீடர்ஸ். 2007-இல் வெளிவந்த அந்த ஆய்வில், வாழ்க்கைத் தரம் பற்றிய பல அளவுகளில் புது வீடுகள் முன்னே நின்றன. படுக்கையிலேயே கிடப்பவர்கள் குறைவு. அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறன் தளர்வதும் குறைவு. பராமரிப்பின் தரம் பற்றிய அளவுகளில் புது வீடுகள் குறைந்தபட்சம் சமமாக இருந்தன. படிப்பில்லாதவர்களிடம் முடிவுகளை ஒப்படைத்தால் பாதுகாப்பு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இது ஒரு பதில். ஊழியர்களைக் கேட்டபோதும், இங்கே இருந்தவர்கள் முதியவர்களை நன்றாக அறிந்திருந்தார்கள், தங்களால் அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள்.

பிறகு ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் பண உதவியோடு இந்த வீடுகள் பல மாநிலங்களுக்குப் பரவின. அங்கே வேலை நேரத்தை அளந்த ஓர் ஆய்வு, ஒவ்வொரு முதியவருக்கும் நேரடிப் பராமரிப்பில் தினமும் 20 நிமிடத்துக்கும் மேல் கூடுதலாகக் கிடைத்ததாகச் சொன்னது. அதற்காக மொத்த ஊழியர் நேரம் கூடவில்லை. 2020-இல் கோவிட் வந்தபோது, இத்தகைய சின்ன வீடுகளில் தொற்றும் மரணமும் வழக்கமான இல்லங்களைவிடக் குறைவு என்றும் தெரியவந்தது. அதற்குத் தனி அறையும், உள்ளே வந்துபோகும் ஆட்கள் குறைவாக இருந்ததும் பெரிய காரணம். எல்லாவற்றையும் ஊழியர் அதிகாரத்தின் கணக்கில் எழுதினால் பொய்யாகிவிடும்.

டுபெலோ முடிவுகளிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 40 பேர் சின்ன எண்ணிக்கை. கட்டடமும் மாறியது, பயிற்சியும் மாறியது, அதிகாரமும் மாறியது. எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். புதிதாகக் கட்டப் பணம் இல்லாத இல்லங்கள் ‘இது எங்களுக்கு இல்லை’ என்று கடந்துபோகவும் இதுவே வசதியாகிவிடுகிறது.

கட்டடம் மாறாமல் ஒரு முயற்சி

அதனால்தான் டெக்சாஸில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேல் யீட்ஸும் சிந்தியா கிரெடியும் ஐந்து சாதாரண இல்லங்களில் உதவியாளர் குழுக்களை அமைத்து, அப்படிக் குழு இல்லாத ஐந்து இல்லங்களோடு ஒப்பிட்டார்கள். 2007-இல் முடிவு வெளியானது. கட்டடம் பழையது, நடைபாதை பழையது, நர்ஸ் மேற்பார்வையும் அப்படியே. ஒரே பிரிவில் வேலை செய்யும் உதவியாளர்கள் வாரம் ஒரு முறை சிறிது நேரம் கூடிப் பேசுவார்கள். இந்த முதியவருக்கு என்ன பிரச்சினை, யார் யாருக்கு உதவ வேண்டும், எந்த வேலைமுறை சரியாக இல்லை என்று குறிப்பு எழுதி நர்ஸ் மேலாளரிடம் கொடுப்பார்கள். மேலாளர் அதற்குப் பதில் தருவார்.

பலன் பிரமாதம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மிதமானது என்றார்கள். உதவியாளர்களின் அதிகார உணர்வு கூடியது, வேலைமுறைகள் மேம்பட்டன, நர்ஸ்களோடு ஒத்துழைப்பு வளர்ந்தது, வேலையை விட்டுப் போவது குறைந்திருக்கலாம் என்ற அறிகுறியும் தெரிந்தது. வேலையைப் பற்றிய மனநிலையில் முடிவுகள் கலவையாக இருந்தன. வாரத்தில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு இவ்வளவு கிடைத்ததே பெரிது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த ஏற்பாட்டின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. குழு எழுதிக் கொடுத்த தாள் மேலாளர் மேசையில் கிடந்து மஞ்சளானால், கூட்டமே நடத்தாமல் இருந்ததைவிட மோசம். பேசச் சொல்லிவிட்டுக் கேட்காமல் இருப்பது, பேசாதே என்று சொல்வதைவிட அதிகமாக அவமதிக்கும்.

2016-இல் திருத்திய மத்திய விதிகளின்படி, முதியவரின் பராமரிப்புத் திட்டத்தைத் தயாரிக்கும் குழுவில் அவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரும் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர் பார்க்கும் அறைகளை யார் பார்ப்பார்கள் என்று ஆள் ஒதுக்காத இல்லத்தில், அந்த நாற்காலி காலியாகவே இருக்கும்.

எங்கே சறுக்குகிறது

கிரீன் ஹவுஸ் வீடுகள் பலவற்றில் சில ஆண்டுகளில் பழைய பழக்கம் மெல்லத் திரும்புவதையும் பவர்ஸ் குழு பதிவு செய்திருக்கிறது. சிக்கல் வரும்போது உதவியாளர்களோடு சேர்ந்து பேசித் தீர்த்த இடங்களில் அமைப்பு நிலைத்தது. வழிகாட்டியோ மேலாளரோ தனியாக முடிவெடுத்து அறிவித்த இடங்களில் அரித்துப்போனது. இதைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை. அரசு ஆய்வாளர் ஒரு குறை கண்டுபிடிக்கிறார், நேரம் இல்லை, ‘இனி இப்படிச் செய்யுங்கள்’ என்று தாள் ஒட்டிவிடுகிறார்கள். நான்கு தாள் ஒட்டினால் வீடு பழைய இல்லம்தான்.

இன்னொரு சறுக்கல் எனக்குக் கோபம் தருவது. சமையல், துணி, சுத்தம், பராமரிப்பு, அட்டவணை எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்து, அதற்கு அதிகாரம் என்று பெயர் சூட்டி, சம்பளத்தை மட்டும் பழைய இடத்திலேயே வைத்திருப்பது. கூடுதல் பயிற்சிக்கும் பொறுப்புக்கும் ஏற்பச் சம்பளத்தை உயர்த்திய நிறுவனங்கள் உண்டு. உயர்த்தாத இடத்தில் நடப்பதைச் சுமை மாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். இரவில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டிலும், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரியவர் இருந்தால், பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும் வழி தெளிவாக இருக்க வேண்டும். தனியாகத் தூக்கி முதுகு உடைந்தவரிடம் தன்மதிப்பைப் பற்றிப் பேச முடியாது.

கனடாவிலும் பிரிட்டனிலும் இந்த வேலையில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மேற்பார்வை நிலையிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது தங்கள் பிரிவில் இதைத் தொடங்க நினைத்தால், வீடு கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் ஒரே ஊழியரை அதே முதியவர்களோடு நிரந்தரமாக வையுங்கள். ஒருவரை ஒருவர் அறியாமல் மற்ற எதுவும் நிற்காது. அப்புறம் உண்மையிலேயே கைமாற்றக்கூடிய ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். குளியல் நேரம் நல்ல தொடக்கம். அதில் மருத்துவ ஆபத்து குறைவு, முதியவருக்கும் ஊழியருக்கும் நாளே மாறும். எந்த முடிவு அவர்களுடையது, எது நர்ஸுடையது, எதைச் சேர்ந்து எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. அதை எழுதும்போது நர்ஸும் உதவியாளரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் நேரம் சம்பளத்தோடு கூடிய நேரமாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அறைகளைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும்.

அவர்கள் கேட்பதற்கெல்லாம் சரி என்று சொல்லவும் தேவையில்லை. முடியாது என்றால் ஏன் முடியாது, எப்போது மீண்டும் பார்க்கலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதிக் கொடுங்கள். குளியல் நேரத்தை அவர்கள் மாற்றியதில் ஏதாவது குழப்பம் வந்தால், பழைய அட்டவணையைத் திரும்ப ஒட்டும் அவசரம் வரும். அப்போது அவர்களையே கூப்பிட்டு, இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று கேளுங்கள்.